கையைப் பார்க்க முன் கால்தடத்தைப் பாருங்கள்: தொடர் குத்துப் பழக வருவோருக்கு

கைத்தொலைபேசியில் அரை நிமிட வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகள்தான் இப்போது அதிகம். கறுப்புச் சட்டை போட்ட ஒருவர் நெஞ்சுக்கு முன்னால் இரண்டு கைகளையும் தையல் மெஷின் ஊசி மாதிரி ஓட்டுவார். எதிரே நிற்பவர் பின்னுக்குப் பின்னுக்குப் போய் விழுவார். "அண்ணை, இதைப் பழக்கிவிடுங்கோ" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள்.

பழகலாம், அதில் ஒன்றுமில்லை. ஆனால் அப்படியான வீடியோக்களில் பெரும்பாலும் இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாது. விஷயத்தில் பாதி அங்கேதான் கிடக்கிறது.

கிளிநொச்சிப் பக்கம் எங்கள் வளவில் பின்னேரங்களில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து பழகுகிறோம். நான் மாஸ்ரர் இல்லை. கராத்தேயில் தொடங்கி, குத்துச்சண்டைக்குப் போய், பிறகு கொழும்பில் வேலை செய்த காலத்தில் கொஞ்சம் விங் சுன் என்ற சீனச் சண்டைக்கலை பழகியவன். மூன்றிலும் பெரிய ஆள் கிடையாது, மூன்றிலும் அடி வாங்கியவன் என்று வேண்டுமானால் சொல்லலாம். பக்கத்து வளவு அப்பு இளவயதில் சீனடி என்ற சண்டைக்கலை பழகியவர். வேலியோரம் கதிரையைப் போட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு இருப்பார். அவர் சொல்கிற திருத்தம் எப்போதும் ஒன்றுதான்: "கை ஓடுது, கால் எங்கயடா?" முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு நான் அதிலிருந்துதான் தொடங்குகிறேன்.

முதல் வேலை: முற்றத்தைக் கூட்டுங்கள்

பகிடி இல்லை. விடிய முற்றம் கூட்டியதும் மணலில் விளக்குமாற்றுக் கோடுகள் அழகாக விழுந்திருக்கும். அதில் வெறுங்காலோடு நடந்தால் ஒவ்வொரு தடமும் அச்சுப் போல் தெரியும். கண்ணாடி முன் நின்றால் முகத்தையும் கையையும் மட்டுமே பார்ப்போம். மணல் காலைக் காட்டும், அதுவும் பொய் சொல்லாமல். கிரவல் போட்ட முற்றம் சரிவராது, பாதம் கிழியும். அறுவடை முடிந்த வயலும் வேண்டாம், வெடித்த நிலத்தில் கணுக்கால் பிரளும்.

கூட்டிய இடத்தில் நேராக ஒரு கோடு கீறுங்கள். பத்தடி போதும். இனிச் செய்யும் எல்லாம் இந்தக் கோட்டின் மேல்தான்.

முஷ்டி

நாலு விரலையும் நுனியிலிருந்து சுருட்டி, பெருவிரலை வெளியே, சுட்டுவிரலும் நடுவிரலும் மடியும் இடத்தின் மேல் வையுங்கள். பெருவிரலை உள்ளே வைத்தால் முதல் பலமான குத்திலேயே அது முறியலாம். மணிக்கட்டு மடியக் கூடாது. முன்கை எலும்பும் புறங்கையும் ஒரே தடி போல இருக்க வேண்டும். அவ்வளவுதான், இதில் பாணிக்குப் பாணி பெரிய வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் முஷ்டியின் எந்தப் பக்கம் படுகிறது என்பதில் இருக்கிறது. கராத்தேயிலும் குத்துச்சண்டையிலும் குத்து முடியும்போது உள்ளங்கை நிலத்தைப் பார்க்கும். சுட்டுவிரல், நடுவிரல் மொளிகள் இரண்டும் போய்ப் படும். விங் சுன்னில் முஷ்டி நிமிர்ந்து நிற்கும், பெருவிரல் பக்கம் வானத்தைப் பார்க்கும். அதில் பல பரம்பரைகள் கீழ் மூன்று மொளிகளால் குத்தச் சொல்லும். முழங்கை நிலத்தைப் பார்த்துக்கொண்டு குத்துக்கு நேர் பின்னால் இருந்தால் அது தாங்கும். முழங்கை வெளியே பறந்து, உள்ளங்கை கவிழ்ந்து, சுண்டுவிரல் மொளி மட்டும் போய்ப் பட்டால் அதன் பின்னாலுள்ள எலும்பின் கழுத்து உடையும். ஆங்கிலத்தில் இந்த முறிவுக்கே குத்துச்சண்டைக்காரரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். என்னுடைய வலது கையைப் பொத்திப் பார்த்தால் மூன்று மொளிதான் எழும்பி நிற்கும், நாலாவது உள்ளே போய்விட்டது. எப்படி உடைந்தது என்பதை, குத்துப் பழகும் பை கட்டுவது பற்றிய இடத்தில் சொல்கிறேன்.

இரண்டு கிழமைக்கு ஒரே குத்து

ஒரு கையால், ஒரே ஒரு நேர்க்குத்து. தொடர் குத்தை இந்த இரண்டு கிழமையும் மறந்துவிடுங்கள்.

கதவு நிலையில் நூல் கட்டி ஒரு பத்திரிகைத் தாளைத் தொங்கவிடுங்கள், நெஞ்சு உயரத்துக்கு. மெதுவாகக் கையை நீட்டித் தாளைத் தொட்டு, போன வழியிலேயே திரும்பி எடுங்கள். முழங்கை பக்கவாட்டில் தூக்கினால் கை வளைந்து போகும், தாள் சுழலும். நேராகப் போனால் பின்னுக்கு மட்டும் அசையும். ஒரு நாளைக்கு ஒவ்வொரு கையாலும் ஐம்பது தடவை. சலிப்பாக இருக்கும் என்று எனக்கும் தெரியும். வீடியோ பார்த்து வந்தவர்களில் பாதிப் பேர் இந்த இரண்டு கிழமைக்குள் நின்றுவிடுவார்கள், அதுவும் ஒரு வகையில் நல்லதுதான்.

நாலு பாணி, நாலு தடம்

இனிச் சுவையான பகுதி. ஒரே கோட்டில், ஒரே நேர்க்குத்தை அடுத்தடுத்துப் போட்டுக்கொண்டு முன்னேறுவதை வெவ்வேறு பாணிகளில் செய்து பார்க்கப் போகிறோம். ஒவ்வொன்றும் முடிந்ததும் திரும்பிப் போய்த் தடத்தைப் பாருங்கள். பிறகு மறுபடி கூட்டிவிட்டு அடுத்தது.

கராத்தேயிலிருந்து தொடங்குவோம், வன்னியில் பலருக்குப் பாடசாலைக் காலத்திலேயே அறிமுகமானது அதுதானே. ஓய்-சுகி என்பது அடி எடுத்து வைத்துக் குத்துவது. பின்கால் மற்றக் காலின் அருகே வந்து, பிறகு வெளியே போய் முன்னால் ஊன்றும். மணலில் அது பிறை போல வளைந்து விழும். கால் ஊன்றுவதும் குத்துப் படுவதும் ஒரே கணத்தில். மற்றக் கை இடுப்புக்கு இழுபடும். சம்போன்-சுகி என்ற மூன்று குத்துத் தொடரில் முதல் குத்து இப்படி அடி வைத்து முகத்துக்குப் போகும். அடுத்த இரண்டும் நின்ற இடத்திலேயே நெஞ்சுக்கு, இடுப்பைத் திருப்பித் திருப்பிப் போகும். தடத்தைப் பார்த்தால் மூன்று குத்துக்கு ஒரே ஒரு பெரிய அடிதான் இருக்கும். அதாவது முதல் குத்துக்கு உடம்பு முழுவதும் ஓடி வருகிறது, மற்ற இரண்டுக்கும் இடுப்பு மட்டும் உழைக்கிறது. பலம் உண்டு. ஆனால் எதிராளி அதற்குள் பின்வாங்கிவிட்டால் இரண்டாவதும் மூன்றாவதும் காற்றில்தான். போட்டிக் கராத்தேக்காரர்கள் இதனால்தான் நிலையைச் சுருக்கி, முன்கைக் குத்தும் (முன்னால் நிற்கும் கையின் குத்து) பின்கைக் குத்தும் சேர்த்த கிசாமி, கியாகு என்ற சோடியை ஒரே பாய்ச்சலில் போடுகிறார்கள்.

குத்துச்சண்டை. முன்கால் ஒரு சாண் நகரும், பின்கால் அதே அளவு பின்தொடரும். தடங்கள் சின்னதாக, இடைவெளி மாறாமல் விழும். பின்காலின் குதிக்கால் தடமே இருக்காது, ஏனென்றால் அது எப்போதும் கொஞ்சம் தூக்கித்தான் இருக்கும். பின்கைக் குத்துப் போன இடத்தில் பின்காலின் முன்பாதம் திருகிய அடையாளம் வட்டமாகக் கிடக்கும். அந்தத் திருகலைத் தேடிப் பாருங்கள். அது இல்லையென்றால் தோளால் மட்டும் குத்தியிருக்கிறீர்கள். நிலத்திலிருந்து கால், இடுப்பு, தோள் என்று ஏறி வருகிற பலம் தொடங்குகிற இடமே அதுதான். கை புறப்பட்ட வழியிலேயே நாடிக்குத் திரும்பும், குத்துகிற கையின் தோள் அதே பக்க நாடியை மூடும். தொடர் என்றால் முன்கை, முன்கை, பின்கை என்று மூன்று, கூடினால் நாலு. அதற்கு மேல் ஒரே கோட்டில் போக மாட்டார்கள். பக்கவாட்டில் விலகிவிடுவார்கள் அல்லது வளைவுக் குத்துக்கு மாறுவார்கள். ஏன் என்பது ஆளோடு பழகும்போது விளங்கும்.

1919 முதல் 1926 வரை உலக அதிபார வாகையராக இருந்த ஜாக் டெம்ப்சி ஒரு காலடியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்: உடம்பின் பாரத்தை முன்காலில் வைத்துக்கொண்டே அந்தக் காலைத் தூக்குவது. அப்படிச் செய்தால் உடம்பு தானாக முன்னே விழும், கால் நிலத்தில் படுவதற்குள் குத்துப் போய்ச் சேர வேண்டும். ஒருக்கா செய்து பாருங்கள். கையில் ஒரு பலமும் போடாமலே பை பின்னுக்குப் போகும். நான் பழக்குகிறதில் இதைத்தான் பிள்ளைகள் மிக விரும்புகிறார்கள்.

மூன்றாவது விங் சுன். சங்கிலிக் குத்து என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஹொங்கொங்கில் இதைப் பரப்பியவர் இப் மான் (1893–1972). இங்கே இரண்டு தோளும் எதிராளியை நேராகப் பார்க்கும், இடுப்புத் திரும்பாது. ஒரு கை நெஞ்சின் நடுக்கோட்டில் முன்னே போகும்போது, மற்றக் கை அதற்குக் கீழால் வழுக்கித் திரும்பி, உடனே மேலேறி அதே கோட்டில் போகும். சைக்கிள் மிதிப்பது மாதிரி ஒரு சுற்று. இடுப்பு திரும்பி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாததால் வேகம் வருகிறது. அதே காரணத்தால் ஒவ்வொரு குத்தின் கனமும் குறைகிறது. ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றதை வாங்கியிருக்கிறார்கள். கனத்தை வேறு எங்கிருந்து கொண்டுவருவது? காலிலிருந்துதான். முன்கால் நகர, பின்கால் நிலத்தோடு இழுபட்டு வரும். மணலில் பின்காலுக்கு நீளமான கீறல் விழ வேண்டும், கலப்பை போன மாதிரி. வீடியோ பார்த்துப் பழகியவர்களின் தடத்தில் அந்தக் கீறல் இருக்காது. இரண்டு பாதமும் ஒரே இடத்தில் ஆழமாகப் பதிந்திருக்கும். பத்துக் குத்துப் போட்டிருப்பார்கள், ஒரு அங்குலம் நகர்ந்திருக்க மாட்டார்கள். அப்பு கதிரையிலிருந்து சத்தம் போடுவது அப்போதுதான்.

சிங்-யீ என்ற பழைய சீனப் பாணியின் பெங் குத்தும் கிட்டத்தட்ட இதே தடந்தான், முன்கால் பாய்ந்து பின்கால் அரை அடி தொடரும். ஆனால் அங்கே ஒரு அடிக்கு ஒரு குத்து. மெதுவானது, கனமானது. விங் சுன் பழகுகிறவர்கள் முதலில் இந்த விகிதத்தில், ஓர் அடிக்கு ஒரு குத்து என்று ஒரு மாதம் பழகினால் பிறகு வேகம் கூட்டுவது சுலபம் என்பது என் அபிப்பிராயம்.

கடைசி, புரூஸ் லீ. இப் மானின் பள்ளியில் பழகியவர், 1967இல் தன் முறைக்கு ஜீத் குனே டோ என்று பெயர் வைத்தவர். சங்கிலிக் குத்தையே எடுத்து, வாள்வீச்சுக்காரரின் பாய்ச்சல் காலையும் குத்துச்சண்டையின் அசைவையும் சேர்த்துக்கொண்டார். தடத்தைப் பார்த்தால் கிட்டத்தட்ட ஓடியது போல இருக்கும். போட்டி மேடையில் இதற்கு மிக நெருக்கமாக நான் பார்த்தது 1998 ஒக்டோபரில் பிரேசிலில் நடந்த யூஎஃப்சி என்ற கலப்புச் சண்டைப் போட்டி. விக்டோர் பெல்ஃபோர்ட் 44 விநாடியில் வாண்டர்லே சில்வாவை வேலி வரைக்கும் குத்திக்கொண்டே ஓட்டிப் போனார். அவர் விங் சுன் ஆள் அல்ல, குத்துச்சண்டைக் கை உள்ளவர். அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் ஒன்று பிடிபடும். முதலில் ஒரு கனமான இடதுகைக் குத்துப் பட்டு, சில்வா தடுமாறிப் பின்வாங்கினார். ஓட்டம் அதற்குப் பிறகுதான். தொடர் குத்தால் கதவைத் திறக்க முடியாது, திறந்த கதவுக்குள் புகுந்து போகத்தான் அது.

முய்தாயும் டெக்வாண்டோவும் இந்தப் பட்டியலில் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். ஒலிம்பிக் டெக்வாண்டோவில் முகத்தில் குத்தவே முடியாது, அதனால் அங்கே கை வளரவில்லை. முய்தாயில் நேராகக் குத்திக்கொண்டே உள்ளே ஓடினால் கழுத்தைப் பிடித்து முழங்காலால் இடிப்பார்கள். இரண்டு மூன்று குத்தோடு ஒரு உதை என்று முடிப்பது அதனால்தான்.

பை கட்டுதல்

இரண்டு மாதம் கழித்துப் பை. கடைப் பை வாங்க வேண்டியதில்லை. 50 கிலோ உரப்பை இரண்டை ஒன்றுக்குள் ஒன்று போட்டு, பழைய துணியைக் கிழித்து இறுக்கி நிரப்புங்கள். சாறம், சேட்டு, கிழிந்த நுளம்பு வலை எதுவும் சரி. நடுவில் மட்டும் ஒரு சின்னப் பையில் உமி வைத்தால் கனம் கிடைக்கும். உரப்பையின் நாரில் தோல் உரியும், வெளியால் பழைய ஜீன்ஸ் துணியைச் சுற்றித் தையுங்கள். மாங்கொப்பில் கட்ட வேண்டாம், காற்றுக் காலத்தில் கொப்போடு வரும். முதிரைத் தீராந்தி இருந்தால் அதில் கட்டுங்கள், இல்லாவிட்டால் வேம்பு.

நான் விட்ட பிழை, முழுப் பையையும் உமியால் நிரப்பியது. அரிசி ஆலையில் சும்மா கிடைத்தது. முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தது. உமி மெல்ல மெல்லக் கீழே இறங்கி, மழையில் ஈரமும் பிடித்து, பையின் அடிப்பாகம் கல்லாகிவிட்டது. ஒரு பின்னேரம் கைக்கட்டு இல்லாமல், ஆட்கள் பார்க்கிறார்கள் என்ற உற்சாகத்தில் சங்கிலிக் குத்தை விட்டேன். ஏழாவதோ எட்டாவதோ குத்தில் முழங்கை வெளியே போனது, சுண்டுவிரல் மொளி போய் அந்தக் கல்லில் இருந்தது. சின்னச் சத்தம்தான் கேட்டது. ஆறு கிழமை மாவுக்கட்டு. வயல் விதைப்புக் காலம் வேறு, வீட்டில் வாங்கிய பேச்சு தனி.

விங் சுன்காரர்கள் சுவரில் தொங்கவிடும் சின்னப் பைக்குள் பயறு போடுவது வழக்கம். பயறு விற்கிற விலைக்கு அதைக் கறி வைப்பதுதான் நியாயம். மரத்தூள் போதும், எலியும் வராது.

கைக்கட்டு கட்டாயம். கடையில் 4.5 மீற்றர் நீளத்தில் விற்கும். இல்லையென்றால் பழைய பருத்திச் சேலையை இரண்டங்குல அகலத்தில் கிழித்துக்கொள்ளலாம். மணிக்கட்டில் மூன்று சுற்று, மொளிகளில் மூன்று சுற்று, பிறகு விரலிடுக்குகளால். விரல் நீலம் பாரித்தால் இறுக்கம் கூட. கையுறை வாங்க வசதி இருந்தால் பெரியவர்களுக்கு 12 அல்லது 14 அவுன்ஸ், ஆளோடு பழகும்போது 16.

வேகம் கூட்டும் ஒழுங்கு

முதல் மாதம் ஓர் அடிக்கு ஒரு குத்து. பிறகு ஓர் அடிக்கு இரண்டு. மூன்றாவது கட்டத்தில்தான் கையை ஓட விடலாம், அதுவும் ஆறு குத்துக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் தோள் காதுக்கு ஏறும், மூச்சு அடைபடும். ஒவ்வொரு குத்துக்கும் சின்னதாக மூச்சை வெளியே விடுங்கள். பல்லைக் கடித்து மூச்சைப் பிடித்தால் ஐந்தாவது குத்தோடு கை ஈயமாகிவிடும்.

கைத்தொலைபேசியை இங்கே பிரயோசனமாகப் பாவிக்கலாம். மெதுவசைவில் பக்கத்திலிருந்து படம் பிடியுங்கள். குத்துப் பைமேல் படும் கணத்தில் நிறுத்தி, மற்றக் கை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நாடிக்கோ நடுக்கோட்டுக்கோ அருகில் இல்லாமல் தொப்புளுக்குக் கீழே தொங்கினால் வேகத்தைப் பாதியாகக் குறைத்து மீண்டும் தொடங்க வேண்டும்.

நேரம்: விடிய ஏழரைக்கு முன் அல்லது பின்னேரம் நாலரைக்குப் பின். சோளகம் வீசும் மாதங்களில் புழுதி கண்ணில் ஏறும், பையைக் காற்றுக்கு மறைவாக மாற்றுங்கள். தண்ணீரைப் பழக முன்னமே குடியுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும், எங்கள் பக்கத்தில் இதைச் சொல்லாமல் விட முடியாது. உடம்பில் எடுக்காமல் விட்ட பீஸ் (குண்டுச் சிதறல்) உள்ளவர்கள், குறிப்பாகத் தோள், கழுத்து, முதுகெலும்புப் பக்கம், டொக்டரிடம் கேட்காமல் பையில் குத்த வேண்டாம். எங்களோடு பழகும் ஒருவர் கேட்டுவிட்டுத்தான் வந்தார். அவர் காலடியும், வெறும் காற்றில் குத்துகிற நிழல்குத்தும் மட்டும் செய்கிறார், அவருடைய தடந்தான் எங்களில் மிகத் துப்புரவானது.

ஆளோடு

இருவர் வேண்டும். ஒருவர் நெஞ்சில் தலையணையோ மடித்த ரயர் ரியூபோ பிடிப்பார். மற்றவர் ஆறு குத்துத் தொடர். முதல் சுற்றில் பிடிப்பவர் நேராகப் பின்வாங்கட்டும். எல்லாம் படும், நாங்கள் பெரிய ஆள் என்று தோன்றும். அடுத்த சுற்றில் பிடிப்பவர் சொல்லாமல் ஒரு அடி பக்கத்தில் விலகட்டும். இரண்டு குத்துக்குப் பிறகு மிச்சம் எல்லாம் வெறும் காற்றுக்கு. சங்கிலிக்காரருக்கு நிற்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. குத்துச்சண்டைக்காரர்கள் மூன்றோடு ஏன் விலகுகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை. மூன்றாவது சுற்றில் குத்துபவர் மூன்று போட்டுவிட்டு முன்காலைத் திருப்பி, புதிய கோட்டில் அடுத்த மூன்றைத் தொடங்கட்டும். சங்கிலிக் குத்தையும் இப்படித் துண்டு துண்டாகப் பழகலாம், விங் சுன்னில் திரும்பும் காலடி இருக்கிறது. வீடியோக்காரர்கள் அதைக் காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

வகுப்பு ஒன்றில் சேர யோசிப்பவர்கள் எந்தப் பாணி என்று தலையை உடைக்காமல், பொதுநோக்கு மண்டபத்தின் வாசலில் நின்று அரை மணித்தியாலம் பாருங்கள். பிள்ளைகளுக்கு வெறுங்கையால் சுவரிலோ ஓட்டிலோ குத்தக் கொடுக்கிறார்களா? விலகுகிற ஆளோடு பழகுகிறார்களா, நிற்கிற ஆளோடு மட்டுமா? பெண் பிள்ளைகளை ஒரு மூலையில் தனியாக எண்ணிக்கொண்டு நிற்க விடுகிறார்களா? செருப்பைக் கழற்றி உள்ளே போவதற்கு முன் இந்த மூன்றையும் பார்த்துவிட்டால் போதும். பாணியைப் பிறகு பார்க்கலாம், முற்றமும் விளக்குமாறும் வீட்டில் இருக்கிறதே.